கருத்தே சொல்லாத 70 ஆண்டுகள்! - எலிசபெத் மகாராணியின் மௌனமும் அதன் விலையும்

அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. ஆனால், 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய்வந்தார். டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. ஆனால், 90 வயதைத் தாண்டிய பிறகும் தன் எஸ்டேட் சாலைகளில் லேண்ட் ரோவர் ஓட்டினார். ராணியாக இருந்தவரை எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. ஆனால், வின்ஸ்டன் சர்ச்சில் தொடங்கி லிஸ் டிரஸ் வரை 15 பிரதமர்கள் அவர் பெயரில்தான் ஆட்சி நடத்தினார்கள்.

பிரிட்டனில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டதே அவர் பெயரில்தான்.  தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

இத்தனை இருந்தும், ஒன்றே ஒன்று மட்டும் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. மனதில் பட்டதை வெளியில் சொல்லும் உரிமை. லண்டனில் டாக்ஸி ஓட்டுகிறவர்கூட பிரதமரைத் திட்டலாம். பக்கிங்ஹாம் அரண்மனையில் இருந்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

70 ஆண்டுகள், 214 நாள்கள். பிரிட்டிஷ் வரலாற்றில் வேறு யாரும் இவ்வளவு காலம் அரியணையில் இருந்ததில்லை. அத்தனை நாளும் இரண்டாம் எலிசபெத் அந்த ஒரு கட்டுப்பாட்டைக் கிட்டத்தட்ட மீறவே இல்லை. அந்த மௌனம்தான் அவரைக் காப்பாற்றியது. சில நேரங்களில் அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டதும் அதுதான். அந்த மௌனத்துக்கான விலையைக் கொடுத்தவர் அவர் மட்டுமல்ல.

ராணியாகப் பிறக்காத ராணி

1926 ஏப்ரல் 21 அன்று லண்டன் மேஃபேர் பகுதியில், புரூட்டன் தெருவில் இருந்த தன் தாய்வழித் தாத்தாவின் வீட்டில் பிறந்தார் எலிசபெத். வீட்டில் செல்லப்பெயர் லிலிபெட். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பேத்தி என்றாலும், அவர் ஒருநாள் ராணியாவார் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அப்பா ஆல்பர்ட், மன்னரின் இரண்டாவது மகன். அரியணை பெரியப்பா எட்வர்டுக்கு. அவருக்குக் குழந்தைகள் பிறந்தால் வரிசை அந்தப் பக்கம் போய்விடும்.

1936-ல் எல்லாம் தலைகீழானது. ஜனவரியில் தாத்தா இறந்தார். பெரியப்பா எட்டாம் எட்வர்ட் மன்னரானார். விவாகரத்தான அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சனைத் திருமணம் செய்துகொள்ள அவர் விரும்பினார். அரசும் திருச்சபையும் ஏற்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், முடியே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

ஒரே ஆண்டில் மூன்று மன்னர்களைப் பார்த்தது பிரிட்டன். மூன்றாவதாக வந்தவர் எலிசபெத்தின் அப்பா. ஆறாம் ஜார்ஜ் என்ற பெயரில் பொறுப்பேற்ற அவருக்குத் திக்குவாய். மேடையில் நாலு வார்த்தை பேசுவதற்கே படாத பாடு படுவார். 'தி கிங்ஸ் ஸ்பீச்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும்.

10 வயதில் எலிசபெத் அடுத்த வாரிசாகிவிட்டார். சொந்த ஆசையைப் பெரிதாக நினைத்த ஒருவரால் மொத்தக் குடும்பத்தின் வாழ்க்கையும் மாறியதை அந்த வயதிலேயே கண்ணால் பார்த்தார்.

பள்ளிக்கூடம் போகாத படிப்பு

எலிசபெத் பள்ளிக்கூடம் போனதே இல்லை. படிப்பெல்லாம் வீட்டில்தான். வாரிசான பிறகு, ஈட்டன் பள்ளியைச் சேர்ந்த ஹென்றி மார்ட்டன் அவருக்கு அரசியலமைப்பு வரலாறு சொல்லிக்கொடுத்தார். பிரிட்டனுக்கு ஒரே புத்தகமாக எழுதிவைத்த அரசியலமைப்புச் சட்டம் கிடையாது. சட்டங்கள், தீர்ப்புகள், மரபுகள் எல்லாம் கலந்த ஒன்று அது. 19-ம் நூற்றாண்டில் வால்டர் பேஜட் என்ற எழுத்தாளர் அதை அலசி, முடியாட்சிக்கு மிஞ்சியிருப்பவை மூன்றே உரிமைகள் என்றார். அரசு தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என எதிர்பார்க்கலாம், ஊக்கம் கொடுக்கலாம், எச்சரிக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எலிசபெத்தின் பாடப்புத்தகமே இதுதான்.

இன்னொரு பாடமும் அந்த வீட்டில் நடந்தது. சிறு வயதிலிருந்து அவரையும் தங்கை மார்கரெட்டையும் வளர்த்துப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் மரியன் கிராஃபோர்ட். குழந்தைகளுக்கு அவர் 'கிராஃபி'. வேலையை விட்ட பிறகு, 1950-ல் அந்த நாள்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இளவரசிகளைப் பற்றி அன்பாகத்தான் எழுதியிருந்தார். ஆனாலும், அரச குடும்பம் அவரோடு பேச்சை அடியோடு நிறுத்திக்கொண்டது. 1988-ல் அவர் இறக்கும்வரை அந்தக் கதவு திறக்கவே இல்லை. உள்ளே நடப்பது வெளியில் போகக் கூடாது என்பது அங்கே அவ்வளவு கண்டிப்பான விதி.

இரண்டாம் உலகப்போரின்போது இளவரசிகளைக் கனடாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனை வந்தது. அம்மா மறுத்துவிட்டார். 1940-ல், 14 வயதில், முதன்முறையாக வானொலியில் பேசினார் எலிசபெத். குண்டுவீச்சுக்குப் பயந்து பெற்றோரைப் பிரிந்து வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளுக்கான ஆறுதல் பேச்சு அது. 1945-ல் ராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்து லாரி ஓட்டவும், இன்ஜின் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்.

21 வயதில் கொடுத்த வாக்கு

1947 ஏப்ரல் 21. பெற்றோரோடு தென்னாப்பிரிக்கா போயிருந்த எலிசபெத்துக்குக் கேப் டவுனில் 21-வது பிறந்தநாள். அன்று வானொலியில் ஒரு வாக்கு கொடுத்தார். தன் ஆயுள் நீண்டதோ குறுகியதோ, அது முழுவதும் மக்களின் சேவைக்கே என்றார். 21 வயதில் யார் வேண்டுமானாலும் இப்படி உணர்ச்சிவசப்பட்டுப் பேசலாம். அவர் அதை 75 ஆண்டுகள் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதே ஆண்டு நவம்பர் 20-ல் கடற்படை அதிகாரி பிலிப்போடு திருமணம். போர் முடிந்தும் பிரிட்டனில் துணிக்கு ரேஷன் இருந்த காலம். கல்யாண உடைக்கு இளவரசியும் கூப்பன் சேர்க்க வேண்டியிருந்தது. நாடு முழுவதும் இருந்து பெண்கள் தங்கள் கூப்பன்களை அவருக்கு அனுப்பிவைத்தார்கள். ஒருவரின் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டப்படி தவறு என்பதால் எல்லாம் திருப்பி அனுப்பப்பட்டன. இந்தியாவிலிருந்து மகாத்மா காந்தி, தன் கையால் நூற்ற நூலில் பின்னிய துணியைப் பரிசாக அனுப்பினார். எலிசபெத் அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

1952 ஜனவரி 31. அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாததால், அவருக்குப் பதிலாக நீண்ட வெளிநாட்டுப் பயணம் கிளம்பினார் எலிசபெத். முதல் நிறுத்தம் கென்யா. காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டப்பட்ட ட்ரீடாப்ஸ் விடுதியில் பிப்ரவரி 5 இரவு விலங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரவில் இங்கிலாந்தின் சான்ட்ரிங்ஹாமில் அப்பா தூக்கத்திலேயே இறந்துபோனார். மறுநாள் பிலிப்தான் மனைவியிடம் செய்தியைச் சொன்னார். மரத்தில் ஏறும்போது இளவரசி, இறங்கும்போது ராணி. வயது 25. மகன் சார்லஸுக்கு மூன்று வயது. மகள் ஆனிக்கு ஒன்றரை.

1953 ஜூன் 2-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முடிசூட்டு விழா. டி.வி கேமராவை உள்ளே விடுவதா என்று பெரிய விவாதமே நடந்தது. பிரதமர் சர்ச்சிலுக்கு முதலில் அதில் விருப்பமில்லை. கடைசியில் அனுமதி கிடைத்தது. பிரிட்டனில் மட்டும் சுமார் 2.7 கோடிப் பேர் பார்த்தார்கள். பலர் டி.வி வாங்கியதே இதற்காகத்தான்.

அன்று தலையில் வைத்த புனித எட்வர்ட் கிரீடத்தின் எடை 2 கிலோவுக்கு மேல். நம் ஊரில் பலரும் நினைப்பதுபோல கோஹினூர் வைரம் அதில் இல்லை. அது அவருடைய அம்மாவின் கிரீடத்தில் இருக்கிறது. 2018-ல் பி.பி.சி ஆவணப்படத்துக்காகப் பேசியபோது, கிரீடத்தோடு குனிந்து உரையைப் படித்தால் கழுத்தே முறிந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார் எலிசபெத். 65 ஆண்டுகள் கழித்து அவ்வளவுதான் மனம் திறந்தார்!

கதவு மூடிய அறை

ராணியின் அன்றாட வேலை என்ன? தினமும் சிவப்புத் தோல் பெட்டியில் அரசுக் கோப்புகள் வரும். உளவுத் தகவல்கள், அமைச்சரவைக் குறிப்புகள், கையெழுத்துக்கான ஆவணங்கள் எல்லாம் அதில் இருக்கும். அவர் அவற்றைக் கவனமாகப் படிப்பார். வாரம் ஒருமுறை பிரதமர் அரண்மனைக்கு வருவார். அறையில் இருவர் மட்டும். மூன்றாவது ஆள் இல்லை. குறிப்பெடுக்க யாரும் இல்லை. பேசியதை வெளியில் சொல்லக் கூடாது.

15 பிரதமர்களில் முதல்வரான சர்ச்சில் பிறந்தது 1874-ல். கடைசியாக வந்த லிஸ் டிரஸ் பிறந்தது 1975-ல். இருவருக்கும் இடையே 101 ஆண்டுகள். பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் மாறவில்லை. எந்த விஷயத்தை எடுத்தாலும், அதேபோல் முன்பு ஒருமுறை நடந்ததை நேரில் பார்த்தவர் அவராகத்தான் இருப்பார்.

அவருக்கு என்ன கருத்து இருந்தது? அரிதாகத்தான் கசிந்தது. 1986-ல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் மீது பொருளாதாரத் தடை விதிக்க மார்கரெட் தாட்சர் மறுத்தபோது, ராணிக்கு அதில் வருத்தம் என்று 'சண்டே டைம்ஸ்' எழுதியது. அரண்மனை மறுத்தது. 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குப் போனவர், 'இதை ஏன் யாருமே முன்கூட்டியே கவனிக்கவில்லை?' என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பொருளாதார நிபுணர்கள் கூடி உட்கார்ந்து கடிதம் எழுதிப் பதில் சொன்னார்கள். 2014-ல் ஸ்காட்லாந்து பிரிந்துபோவதா என்ற வாக்கெடுப்புக்குச் சில நாள்கள் முன்னால், 'மக்கள் நன்றாக யோசிப்பார்கள் என்று நம்புகிறேன்' என்று தேவாலய வாசலில் சொன்னார். அதுவே தலைப்புச் செய்தி!

ஆனால், வெளியில் இருந்த அதே மௌனம் உள்ளேயும் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அரச குடும்பத்தைப் பாதிக்கும் சட்டங்களை, நாடாளுமன்றத்தில் நிறைவேறும் முன் அரண்மனைக்குக் காட்டி ஒப்புதல் வாங்கும் நடைமுறை பிரிட்டனில் உண்டு. அவர் காலத்தில் 1,000-க்கும் மேற்பட்ட சட்டங்கள் அப்படிப் போய்வந்ததை 2021-ல் 'கார்டியன்' நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. நாட்டு விவகாரத்தில் வாய் திறக்காதவர், சொந்தச் சொத்து விவகாரத்தில் திறந்திருக்கிறாரா என்ற கேள்வி எழுந்தது.

மௌனம் சிக்கலில் மாட்டிவிட்ட தருணமும் உண்டு. 2019-ல் பிரெக்ஸிட் குழப்பத்தின் நடுவே, நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கிவைக்கச் சொல்லி ஆலோசனை தந்தார் பிரதமர் போரிஸ் ஜான்சன். மரபுப்படி ராணி அதை மறுக்க முடியாது. ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்த குரலில், 'முடக்கம் சட்டவிரோதம்' என்றார்கள். 93 வயதில், சட்டவிரோதமான ஓர் ஆணையில் தன் பெயர் இருப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போதும் அவர் ஒன்றும் பேசவில்லை.

தங்கைக்குக் கிடைக்காத திருமணம்

வீட்டுக்குள் இந்த மௌனத்தின் விலையை முதலில் கொடுத்தவர் தங்கை மார்கரெட். அப்பாவின் உதவியாளராக இருந்த போர் விமானி பீட்டர் டவுன்சென்டை அவர் காதலித்தார். டவுன்சென்ட் விவாகரத்தானவர். 1772-ம் ஆண்டுச் சட்டப்படி, 25 வயதுக்கு உட்பட்ட அரச குடும்பத்தினர் திருமணம் செய்ய அன்று மன்னரின் சம்மதம் தேவைப்பட்டது. முன்னாள் துணை உயிரோடு இருக்கும்போது மறுமணம் செய்வதை அன்று இங்கிலாந்துத் திருச்சபை ஏற்கவில்லை. அந்தத் திருச்சபையின் தலைவரோ, அக்கா.

எலிசபெத் முகத்துக்கு நேராக மறுக்கவில்லை. கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். டவுன்சென்ட் பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றப்பட்டார். மார்கரெட் 25 வயது வரை காத்திருந்தார். அப்போதும் தடைகள் விலகவில்லை. 1955 அக்டோபர் 31-ல், அவரைத் திருமணம் செய்யப் போவதில்லை என்று மார்கரெட் அறிவித்தார்.

சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2005-ல், விவாகரத்தான சார்லஸ் விவாகரத்தான கமிலாவை மணந்தார். 2022 பிப்ரவரியில், சார்லஸ் மன்னரானால் கமிலா 'ராணி' என்றே அழைக்கப்பட வேண்டும் என்று விருப்பம் தெரிவித்தார் எலிசபெத். அதைப் பார்க்க மார்கரெட் இல்லை. 2002-லேயே இறந்துவிட்டார்.

தாமதமாக வந்த கண்ணீர்

1966 அக்டோபர் 21 காலை. வேல்ஸில் ஏபர்ஃபான் என்ற சுரங்கக் கிராமம். மலைமேல் குவித்துவைத்திருந்த நிலக்கரிக் கழிவு மழையில் ஊறிச் சரிந்து, கீழே இருந்த பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். பிலிப் மறுநாளே போனார். பிரதமர் போனார். ராணி போனது எட்டு நாள்கள் கழித்து. தான் போனால் மீட்புப்பணிக்கு இடைஞ்சலாகும் என்று நினைத்ததாகச் சொல்லப்பட்டது. அன்று போகாமல் இருந்தது அவரை வாழ்நாள் முழுக்க உறுத்தியது என்று, தனிச் செயலாளராக இருந்த மார்ட்டின் சார்ட்டரிஸ் பின்னாளில் சொன்னார். அதன் பிறகு அந்தச் சின்ன ஊருக்கு மீண்டும் மீண்டும் போய்வந்தார் எலிசபெத்.

1992 அவருக்கு மோசமான ஆண்டு. மகன் ஆண்ட்ரூ மனைவியைப் பிரிந்தார். மகள் ஆனி விவாகரத்து பெற்றார். சரியாகத் திருமண நாளான நவம்பர் 20-ல் வின்ட்சர் கோட்டை தீப்பிடித்தது. டிசம்பரில் சார்லஸ்-டயானா பிரிவு அறிவிக்கப்பட்டது. கோட்டையைச் சரிசெய்யும் செலவு யார் தலையில் என்று மக்கள் கொதித்தார்கள். 1993 முதல் ராணி வருமான வரி கட்டத் தொடங்கினார். பக்கிங்ஹாம் அரண்மனை டிக்கெட் வாங்கிவரும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்தப் பணம் கோட்டைச் சீரமைப்புக்குப் போனது.

1997 ஆகஸ்ட் 31-ல் டயானா பாரீஸில் விபத்தில் இறந்தபோது, ராணி ஸ்காட்லாந்தின் பால்மோரல் கோட்டையில் பேரப்பிள்ளைகள் வில்லியம், ஹாரியோடு இருந்தார். அம்மாவை இழந்த குழந்தைகளோடு அங்கேயே இருந்துவிட்டார். லண்டனில் அரண்மனை வாசலில் பூங்கொத்துகள் மலையாகக் குவிந்தன. கொடி ஏன் அரைக்கம்பத்தில் இல்லை என்று மக்கள் கேட்டார்கள். மன்னர் அரண்மனையில் இருந்தால் மட்டுமே அரசக் கொடி பறக்கும், அதுவும் ஒருபோதும் அரைக்கம்பத்துக்கு இறங்காது என்பது மரபு. மக்களுக்கு மரபு தேவைப்படவில்லை. ஒரு வார்த்தை தேவைப்பட்டது. ஐந்து நாள்கள் கழித்து, செப்டம்பர் 5-ல் நேரலையில் பேசினார் எலிசபெத். மறுநாள் டயானாவின் உடல் அரண்மனையைக் கடந்தபோது தலை தாழ்த்தினார். பிரிட்டனின் யூனியன் கொடி முதன்முறையாக அந்த அரண்மனையில் அரைக்கம்பத்தில் பறந்தது.

மன்னிப்பு கேட்காத மகுடம்

வீட்டுக்கு வெளியே அந்த மௌனத்தின் விலை இன்னும் பெரியது.

எந்த மண்ணில் இருந்தபோது ராணியானாரோ, அதே கென்யாவில் சில மாதங்களிலேயே, 1952 அக்டோபரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் நடத்திய மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க, காலனி அரசு ஆயிரக்கணக்கானோரை முகாம்களில் அடைத்தது. சித்ரவதைகள் நடந்தன. எல்லாம் மகாராணியின் அரசு என்ற பெயரில். 2013-ல்தான் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அறிவித்தது வெளியுறவு அமைச்சர். ராணி அல்ல.

இந்தியா 1950-லேயே குடியரசாகிவிட்டதால், அவர் ஒருநாளும் இந்தியாவின் ராணியாக இருந்ததில்லை. ஆனால், இலங்கைக்கு 1972 மே 22 வரை அவர்தான் ராணி. 1954 ஏப்ரலில் கொழும்பு போய், முடிசூட்டு விழாவில் அணிந்த அதே உடையில் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956-ல் தமிழர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. சட்டப்படி அப்போதும் அந்நாட்டின் தலைவர் அவரே. கையெழுத்துப் போட அங்கே அவரது பிரதிநிதியாக கவர்னர் ஜெனரல் இருந்தார். அவர் பெயரில் சட்டம் வந்தது. அவருக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்தியாவுக்கு மூன்று முறை வந்திருக்கிறார். 1961-ல் டெல்லி குடியரசு தின விழாவின் சிறப்பு விருந்தினர். அந்தப் பயணத்தில், காமராஜர் முதல்வராக இருந்த மெட்ராஸுக்கும் வந்தார். 1983-ல் டெல்லி வந்தபோது அன்னை தெரசாவுக்கு 'ஆர்டர் ஆஃப் மெரிட்' விருதைத் தன் கையால் வழங்கினார். மூன்றாவது பயணம், இந்தியச் சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டான 1997 அக்டோபரில்.

அந்தப் பயணத்தில் அக்டோபர் 14 அன்று அமிர்தசரஸ் போனார். 1919 ஏப்ரல் 13-ல் ஜெனரல் டயரின் படை நிராயுதபாணியான மக்களைச் சுட்டுத் தள்ளிய ஜாலியன்வாலா பாக் மைதானத்தில் மலர்வளையம் வைத்துத் தலை குனிந்து நின்றார். இறந்தவர்கள் 379 பேர் என்றது பிரிட்டிஷ் கணக்கு. ஆயிரத்துக்கும் மேல் என்றது இந்தியக் கணக்கு. முந்தைய நாள் டெல்லி விருந்தில் அந்தச் சம்பவத்தை வேதனையான உதாரணமாகக் குறிப்பிட்டவர், வரலாற்றை மாற்றி எழுத முடியாது என்றார். 'மன்னிப்பு' என்ற சொல் மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்தச் சொல்லை அரசு எழுதிக்கொடுக்காமல் அவரால் சொல்ல முடியாது. அரசு எழுதிக்கொடுக்கவில்லை.

இரண்டு நாள்கள் கழித்து, அக்டோபர் 16-ல் சென்னை எம்.ஜி.ஆர் திரைப்பட நகரில் கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழா. முதல்வர் கருணாநிதியும் வந்திருந்தார். எலிசபெத் ஏறத்தாழ 20 நிமிடம் இருந்தார். மருதநாயகம் என்ற யூசுப் கான், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் போரிட்டு, பிறகு அதையே எதிர்த்து, 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். அவர் கதைக்கு பிரிட்டிஷ் ராணியே தொடக்க விழா விருந்தினர்! அந்தப் படம் இன்றுவரை முடியவில்லை.

பேசாமல் பேசியவை

பேச முடியாதவர் வேறு வழிகளில் பேசக் கற்றுக்கொண்டார். 1961 நவம்பரில் கானா பயணத்துக்குச் சில நாள்கள் முன் தலைநகர் அக்ராவில் குண்டு வெடித்தது. போக வேண்டாம் என்று பலரும் தடுத்தார்கள். அவர் போனார். அதிபர் க்வாமே நிக்ரூமாவோடு கைகோத்து நடனமாடினார். நிறவெறி தலைவிரித்தாடிய காலத்தில், வெள்ளை ராணியும் கறுப்பினத் தலைவரும் சேர்ந்தாடிய அந்த போட்டோ உலகத்தைச் சுற்றியது.

2011 மே மாதம் அயர்லாந்து குடியரசுக்குப் போனார். 100 ஆண்டுகளில் அந்த மண்ணில் கால் வைத்த முதல் பிரிட்டிஷ் அரசர் அவர்தான். பிரிட்டனை எதிர்த்துப் போராடி உயிர்விட்டவர்களின் நினைவிடத்தில் தலை வணங்கினார். விருந்து உரையை ஐரிஷ் மொழியில் தொடங்கினார். மறு ஆண்டு பெல்ஃபாஸ்டில், ஐ.ஆர்.ஏ-வின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸோடு கைகுலுக்கினார். பிலிப்பின் தாய்மாமாவும், இந்தியாவின் கடைசி வைஸ்ராயுமான மவுன்ட்பேட்டனை 1979-ல் படகில் குண்டு வைத்துக் கொன்ற அதே ஐ.ஆர்.ஏ!

இதையெல்லாம் கொண்டாடுகிறவர்களும் உண்டு. கைகுலுக்கல் நீதியாகிவிடுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. 2021 நவம்பரில் பார்படோஸ், 'இனி எங்களுக்கு ராணி வேண்டாம்' என்று குடியரசானது. அதற்கும் அவர் வாழ்த்துச் செய்தி அனுப்பினார்.

கடைசி வேலை நாள்

2021 ஏப்ரல் 9-ல் பிலிப் 99 வயதில் காலமானார். 73 ஆண்டுத் திருமண வாழ்க்கை. கொரோனா கட்டுப்பாட்டால் இறுதிச்சடங்குக்கு 30 பேருக்கு மட்டுமே அனுமதி. கறுப்பு மாஸ்க் அணிந்து, வின்ட்சர் தேவாலயத்தில் தனியாக ஓர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார் எலிசபெத். ஊருக்கு என்ன விதியோ, அதுவே ராணிக்கும்.

2022 ஜூனில் 70 ஆண்டு ஆட்சியின் பிளாட்டினம் விழா. செப்டம்பர் 6-ல் பால்மோரலில் புதிய பிரதமர் லிஸ் டிரஸை நியமித்தார். கையில் ஊன்றுகோல், முகத்தில் புன்னகை. கை மட்டும் கன்றிப்போய் நீலமாக இருந்தது. இரண்டு நாள்கள் கழித்து, செப்டம்பர் 8 பிற்பகல் அவர் உயிர் பிரிந்தது. வயது 96. இறப்புச் சான்றிதழில் காரணம்: முதுமை. 1947-ல் கொடுத்த வாக்கில் மிச்சம் வைத்தது இரண்டே நாள்கள்தான்.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அஞ்சலி செலுத்த சுமார் 2.5 லட்சம் பேர் வந்தார்கள். தேம்ஸ் கரையோரம் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. இரவெல்லாம் குளிரில் நின்றார்கள். செப்டம்பர் 19-ல் வின்ட்சர் தேவாலயத்தில், புதைக்கப்படும் முன் சவப்பெட்டி மேலிருந்த கிரீடத்தையும் செங்கோலையும் எடுத்துப் பலிபீடத்தில் வைத்தார்கள். அதன் பிறகே பெட்டி கீழே இறங்கியது. அப்பா, அம்மா, கணவர் ஆகியோரோடு, காதலித்தவரை மணக்க முடியாமல்போன தங்கையின் அஸ்தியும் அதே சிறிய அறையில் இருக்கிறது.

எலிசபெத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் டைரி எழுதுவார். சூயஸ், ஏபர்ஃபான், டயானா, அமிர்தசரஸ் பற்றியெல்லாம் அவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பதற்கு ஏதாவது பதில் இருந்தால், அது அந்தப் பக்கங்களில்தான் இருக்க வேண்டும். 70 ஆண்டுகளாக அவர் எதையும் வெளியில் சொல்லவில்லை. எழுதியிருந்தால், அதைப் படிக்கக் காத்திருப்பவர்கள் லண்டனில் மட்டும் இல்லை. நைரோபியிலும் அமிர்தசரஸிலும்கூட இருக்கிறார்கள்.